ட்யூப் போட்டால் போகுது, விட்டால் வருது... கரப்பானை அடக்க என்னதான் வழி?

கள்ளக்குறிச்சியிலிருந்து வெள்ளிமலை போகும் பஸ். கச்சிராயபாளையம் தாண்டி, கோமுகி அணையைக் கடந்து மலையேற ஆரம்பித்த நேரம். பக்கத்து சீட்டில் ஒரு பாட்டி, அவர் மடியில் ஆறேழு வயதுப் பேரன். பையன் முழங்கை மடிப்பைச் சொறிந்துகொண்டே வந்தான். பாட்டி அவன் கையைப் பிடித்துக்கொள்வார். விட்டதும் மறுபடியும் சொறிவான்.

நான் பார்ப்பதைக் கவனித்துவிட்டு அவரே சொன்னார். "கரப்பான் கண்ணு. மெடிக்கல்ல ஒரு ட்யூப் தராங்க. போட்டா மூணே நாள்ல அடங்கிடுது. விட்டா திரும்ப வந்துடுது."

"எத்தனை நாளா போடறீங்க ஆயா?"

"அது ஆச்சு, ரெண்டு வருசம். காலி ட்யூபைக் காட்டினா அதேதான் குடுப்பாங்க."

மஞ்சள் பையிலிருந்து ட்யூபை எடுத்துக் காட்டினார். அதிவீரியமான ஒரு ஸ்டீராய்டு, ஓர் ஆன்டிபயாட்டிக், ஒரு பூஞ்சை மருந்து என மூன்றும் கலந்த க்ரீம். பையனின் முழங்கை மடிப்பில் தோல் மெலிந்து, உள்ளே ஓடும் நரம்பு பச்சையாகத் தெரிந்தது.

ஆயா மேல் தப்பில்லை. பேரனுக்கு அரிக்கிறது, அரிப்பை நிறுத்தும் ஒன்று கடையில் கிடைக்கிறது, வாங்கிப் போட்டார். நம்மில் பலர் வீட்டிலும் நடப்பது இதுதான். கரப்பான் என்று நாம் சொல்லும் எக்ஸிமாவை எப்படி அடையாளம் காண்பது, தினமும் எப்படிப் பார்த்துக்கொள்வது, எந்த மருந்தை எவ்வளவு போடுவது? ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

கரப்பான் ஏன் வருகிறது?

எக்ஸிமாவில் பல வகைகள் உண்டு. குழந்தைகளிடம் அதிகம் பார்ப்பது 'அடோபிக் டெர்மடைட்டிஸ்'. பெரும்பாலானவர்களுக்கு 5 வயதுக்குள் ஆரம்பித்துவிடும். வளர வளரப் பலருக்குக் குறைந்துவிடும். சிலருக்குப் பெரியவர்களான பிறகும் தொடரும்.

நம் தோலை ஓட்டுக் கூரை மாதிரி நினைத்துக்கொள்ளுங்கள். ஓடுகள் நெருக்கமாக இருந்தால் மழை உள்ளே வராது, வீட்டின் கதகதப்பும் வெளியே போகாது. எக்ஸிமா உள்ளவர்களின் தோலில் அந்த ஓடுகள் இடைவெளி விட்டு இருக்கும். உள்ளே இருக்கும் ஈரம் வெளியே போய்த் தோல் வறண்டுபோகும். வெளியே இருக்கும் தூசு, சோப்பு, கிருமி எல்லாம் உள்ளே நுழையும். உடம்பின் எதிர்ப்பு சக்தி அவற்றோடு சண்டை போடும்போது வருவதுதான் அரிப்பும் தடிப்பும்.

தோலை இறுக்கமாக வைத்திருக்கும் 'ஃபிலாக்ரின்' என்ற புரதத்தின் மரபணுவில் குறை இருந்தால் எக்ஸிமா வர வாய்ப்பு அதிகம் என்பதை 2006-ல் விஞ்ஞானிகள் கண்டுபிடித்தார்கள். அதனால்தான் அப்பாவுக்கு ஆஸ்துமா, அம்மாவுக்கு அடுக்குத் தும்மல் என்றிருக்கும் குடும்பங்களில் குழந்தைக்குக் கரப்பான் வருவதைப் பார்க்கிறோம்.

இது தொற்றுநோய் கிடையாது. தொட்டால் ஒட்டாது. ஒரே தட்டில் சாப்பிட்டாலும், பள்ளியில் பக்கத்தில் உட்கார்ந்தாலும் பரவாது. ரத்தம் கெட்டுப்போனதால் வருவதும் இல்லை.

எல்லா அரிப்பும் எக்ஸிமா இல்லை!

கைக்குழந்தைகளுக்குக் கன்னத்திலும் தலையிலும், வளர்ந்த பிள்ளைகளுக்கு முழங்கை, முழங்கால் மடிப்புகளிலும், பெரியவர்களுக்குக் கை, கழுத்து, கண் இமைகளிலும் எக்ஸிமா அதிகம் வரும். புத்தகங்களில் 'சிவந்த தடிப்பு' என்று போட்டிருப்பார்கள். நம் மாநிறத் தோலில் அது சிவப்பாகத் தெரியாமல் கருமையாக, சாம்பல் பூத்தாற்போல, சொரசொரப்பாகத் தெரியலாம். ஆறிய இடத்தில் தோல் வெளுத்தோ கறுத்தோ இருக்கும். 'வெண்குஷ்டமோ' என்று பயப்பட வேண்டாம். எக்ஸிமா கட்டுக்குள் இருந்தால் நிறம் மெதுவாகத் திரும்பும்; மாதக்கணக்கில் ஆகலாம்.

குழப்பிக்கொள்ளும் மூன்று பிரச்னைகளைத் தெரிந்துகொள்ளுங்கள்.

சிரங்கு (ஸ்கேபிஸ்): ராத்திரியில் அரிப்பு கூடும். விரல் இடுக்கு, மணிக்கட்டு, தொப்புளைச் சுற்றி, பிறப்புறுப்பு ஆகிய இடங்களில் சின்னச் சின்னக் கொப்புளங்கள் இருக்கும். வீட்டில் இன்னும் இரண்டு பேருக்கும் அரிக்கும். இது ஒரு வகை நுண்பூச்சியால் வருவது, தொற்றக்கூடியது. வீட்டில் எல்லோரும் ஒரே நேரத்தில் மருந்து போட்டால்தான் போகும்.

படர்தாமரை: வட்டமாக, ஓரம் தடித்து, நடுவில் தெளிந்து, நாளுக்கு நாள் விரியும். இது பூஞ்சை. இதன்மேல் ஸ்டீராய்டு போட்டால் அரிப்பு அடங்கும், பூஞ்சை பெருகும். பிறகு வழக்கமான மருந்துக்கு எளிதில் அடங்காது.

உணர்ச்சியில்லாத தேமல்: வெளுத்த அல்லது சிவந்த படை இருக்கிறது, ஆனால் அரிப்பில்லை, தொட்டாலும் உணர்ச்சி குறைவு என்றால் தொழுநோயா என்று பரிசோதிக்க வேண்டும். அரசு மருத்துவமனைகளில் சிகிச்சை இலவசம், முழுமையாகக் குணமாகும். தள்ளிப்போடாதீர்கள்.

நம்ம ஊரில் எதெல்லாம் தூண்டும்?

எக்ஸிமாவைக் கிளறிவிடும் விஷயங்கள் ஆளுக்கு ஆள் மாறும். கள்ளக்குறிச்சி, சின்னசேலம், சங்கராபுரம் பக்கம் வாழ்பவர்கள் கவனிக்க வேண்டியவை சில.

பார்த்தீனியம்: சாலையோரம், தரிசு நிலம், வரப்பு என எங்கும் வெள்ளைப் பூவோடு நிற்கும் களை. 1955-ல் புனே அருகே முதன்முதலில் கவனிக்கப்பட்டு, பிறகு நாடு முழுக்கப் பரவியது. இதன் தூள் காற்றில் பறந்து முகம், கண் இமை, கழுத்து, கை ஆகிய மூடப்படாத இடங்களில் கடுமையான ஒவ்வாமையை உண்டாக்கும். வயல் வேலை செய்யும் நடுத்தர வயதுக்காரர்களுக்கு, முன்பு இல்லாத அரிப்பு முகத்தில் புதிதாக வந்தால் இதை முதலில் சந்தேகப்படுங்கள். பிடுங்குவதாக இருந்தால் பூக்கும் முன்பே பிடுங்குங்கள். முழுக்கைச் சட்டை, கையுறை, முகத்தில் துணி அவசியம். வீட்டுக்கு வந்ததும் குளித்து உடை மாற்றுங்கள். எரிக்காதீர்கள், புகையும் ஆகாது.

மரத்தூள்: 2021-ல் புவிசார் குறியீடு பெற்ற கள்ளக்குறிச்சி மரச்சிற்பம் நம் பெருமை. ஆனால் இழைக்கும்போது பறக்கும் தூளும் பாலிஷும் சிலருக்குக் கையிலும் முகத்திலும் எக்ஸிமாவைக் கொண்டுவரும். முகக்கவசமும், வேலை முடிந்ததும் கைகழுவி க்ரீம் பூசுவதும் பழக்கமாக வேண்டும்.

சிமென்ட்: இதில் இருக்கும் குரோமியம் உப்பு கொத்தனார்கள், சித்தாள்களின் கையை வெடிக்கவைக்கும். ஈர சிமென்ட்டை வெறும் கையால் அள்ளக் கூடாது.

வீட்டுக்குள்: பாத்திரம் தேய்க்கும் பவுடர், துணி சோப்பு, பூண்டு உரிப்பது ஆகியவை விரல் நுனிகளைப் பதம் பார்க்கும். கவரிங் நகையில் உள்ள நிக்கல், ஸ்டிக்கர் பொட்டின் பசை, ஹேர் டை என்று ஒவ்வாமைப் பட்டியல் நீளம். பொட்டு வைக்கும் இடத்தில் மட்டும் வட்டமாகக் கறுத்தோ வெளுத்தோ இருந்தால் காரணம் பொட்டேதான்.

வெயிலும் குளிரும்: சமவெளியில் சித்திரை, வைகாசி வியர்வை அரிப்பைக் கூட்டும். கல்வராயன் மலையில் மார்கழி, தை மாதக் குளிரில் தோல் வறண்டு வெடிக்கும். கம்பளி ஸ்வெட்டரைக் குழந்தையின் வெறும் உடம்பில் போடாதீர்கள். உள்ளே ஒரு பருத்திச் சட்டை போட்டு, அதன்மேல் போடுங்கள்.

பாதி வைத்தியம் குளியலறையில்!

மருந்தைவிட முக்கியமானது தினசரிப் பராமரிப்பு. செலவும் குறைவு.

* வெதுவெதுப்பான தண்ணீரில், 5 முதல் 10 நிமிடங்களில் குளியலை முடியுங்கள். 'சூடா ஊத்தினா அரிப்புக்கு நல்லா இருக்கு' என்பது அந்த நிமிஷத்துக்கு மட்டும்தான். சுடுதண்ணீர் தோலின் எண்ணெய்ப் பசையை எடுத்துவிடும்.

* நார், பீர்க்கங்கூடு, கல் எதுவும் வேண்டாம். வாசனை இல்லாத மென்மையான சோப்பை அக்குள், தொடை இடுக்கு, பாதம் ஆகியவற்றுக்கு மட்டும் போட்டால் போதும். டெட்டால் போன்ற கிருமிநாசினியைக் குளிக்கும் தண்ணீரில் கலக்காதீர்கள்.

* குளித்ததும் துண்டால் தேய்க்காமல் ஒற்றி எடுங்கள். ஈரம் முழுசாகக் காய்வதற்குள், மூன்று நிமிடங்களுக்குள் மாய்ஸ்ச்சரைசர் பூசுங்கள்.

* ஒரு நாளைக்கு இரண்டு தடவையாவது பூச வேண்டும். உடம்பு முழுக்க எக்ஸிமா இருக்கும் குழந்தைக்கு வாரத்துக்கு 250 கிராம் வரையும், பெரியவர்களுக்கு 500 கிராம் வரையும் தேவைப்படலாம். நாம் 50 கிராம் ட்யூபை ஒரு மாதம் ஓட்டுகிறோம். பலருக்கு 'க்ரீம் வேலை செய்யலை' என்று தோன்ற இதுவே காரணம்.

விலை உயர்ந்த பிராண்டுதான் வேண்டும் என்றில்லை. வாசனை சேர்க்காத வெள்ளை பெட்ரோலியம் ஜெல்லியே ஈரத்தை நன்றாகப் பூட்டிவைக்கும். கோடையில் அது பிசுபிசுத்து வியர்க்கவைத்தால் லோஷனுக்கு மாறலாம். தேங்காய் எண்ணெயும் நல்லதே. பிலிப்பைன்ஸில் எக்ஸிமா உள்ளவர்களிடம் நடந்த ஆய்வுகளில் வெர்ஜின் தேங்காய் எண்ணெய் தோல் வறட்சியைக் குறைத்தது. ஆலிவ் எண்ணெயும் கடுகு எண்ணெயும் எக்ஸிமா தோலுக்கு ஏற்றவை அல்ல.

ஓர் எச்சரிக்கை. பெட்ரோலியம் ஜெல்லியும் எண்ணெயும் ஊறிய துணி சீக்கிரம் தீப்பிடிக்கும். விறகடுப்பில் சமைப்பவர்கள், குளிருக்கு நெருப்பு மூட்டி உட்கார்பவர்கள் கவனம். குழந்தையின் உடையையும் போர்வையையும் அடிக்கடி துவைத்து மாற்றுங்கள்.

குழந்தையின் நகத்தை ஒட்ட வெட்டிவிடுங்கள். அரித்தால் சொறிவதற்குப் பதில் ஈரத்துணியை ஒற்றி எடுக்கலாம்.

ஸ்டீராய்டு க்ரீம்: பயமும் வேண்டாம், விளையாட்டும் வேண்டாம்

எக்ஸிமா கிளம்பும்போது அடக்குவதற்கு மருத்துவர்கள் முதலில் எழுதுவது ஸ்டீராய்டு க்ரீம்தான். சரியான வீரியம், சரியான இடம், சரியான நாள் கணக்கு என்று போட்டால் அது பாதுகாப்பானது. 'ஸ்டீராய்டா, ஐயையோ' என்று போடாமல் விட்டு, குழந்தையை ராத்திரி முழுக்கத் தூங்கவிடாமல் சொறியவிடுவதும் தப்புதான்.

வீரியத்தில் பல படிகள் உண்டு. ஹைட்ரோகார்ட்டிசோன் மிதமானது, முகம், கண் பக்கம், குழந்தைகளுக்கு இதைத்தான் பெரும்பாலும் தருவார்கள். மொமெட்டசோன் வீரியமானது. க்ளோபெட்டசால் உச்சபட்ச வீரியம். தடித்துப்போன உள்ளங்கை, உள்ளங்காலுக்குச் சில நாள்கள் கொடுப்பது. இதைக் குழந்தையின் முகத்திலோ மடிப்புகளிலோ மாதக்கணக்கில் போட்டால் தோல் மெலியும், வரிவரியாகக் கோடு விழும், முகத்தில் முடி முளைக்கும், பரு வரும். அதிக இடத்தில் நீண்ட நாள் போட்டால் மருந்து ரத்தத்தில் கலந்து குழந்தையின் வளர்ச்சியையே பாதிக்கலாம்.

எவ்வளவு போடுவது? ஆள்காட்டி விரலின் நுனியிலிருந்து முதல் ரேகை வரை ட்யூபிலிருந்து ஒரு கோடு பிதுக்குங்கள். அது சுமார் அரை கிராம். பெரியவர்களின் இரண்டு உள்ளங்கை அளவு இடத்துக்கு (விரல்களையும் சேர்த்து) அதுவே போதும். மாய்ஸ்ச்சரைசருக்கும் ஸ்டீராய்டுக்கும் நடுவில் கொஞ்ச நேரம், அரை மணி நேரம் மாதிரி, இடைவெளி விடுங்கள்.

ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப வந்தால், அடங்கிய பிறகும் வாரத்துக்கு இரண்டு நாள் மட்டும் அங்கே மருந்து போடச் சொல்வது உண்டு. 'விட்டா வந்துடுது' என்பதற்கு இதுவும் ஒரு வழி. ஆனால் அதை மருத்துவர் சொல்ல வேண்டும்.

2018-ல் மத்திய சுகாதாரத்துறை 14 வகை ஸ்டீராய்டு பூச்சு மருந்துகளை, மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாத பட்டியலில் சேர்த்தது. ஆகவே, காலி ட்யூபைக் காட்டி வாங்குவது விதிப்படி சரியல்ல. மூன்று, நான்கு மருந்து கலந்த க்ரீம்களைச் சீட்டில்லாமல் யார் கொடுத்தாலும் வேண்டாம் என்று சொல்லுங்கள்.

ஏற்கெனவே மாதக்கணக்கில் போட்டுக்கொண்டிருக்கிறீர்களா? இதைப் படித்துவிட்டு இன்றே நிறுத்திவிடாதீர்கள். திடீரென்று விட்டால் முன்பைவிடக் கடுமையாகக் கிளம்பலாம். ட்யூபோடு தோல் மருத்துவரைப் பாருங்கள், படிப்படியாகக் குறைப்பார்.

வேறு என்ன சிகிச்சைகள் இருக்கின்றன?

டாக்ரோலிமஸ் களிம்பு: ஸ்டீராய்டு இல்லாதது. முகம், கண் இமை, மடிப்புகளுக்கு ஏற்றது, தோலை மெலியவைக்காது. முதல் சில நாள்கள் எரிச்சல் இருக்கும், பிறகு குறைந்துவிடும்.

பொட்டாசியம் பெர்மாங்கனேட்: நீர் வடியும் எக்ஸிமாவுக்குப் பழைய, மலிவான, நல்ல வைத்தியம். மருத்துவர் சொல்லும் அளவில், துகள் முழுசாகக் கரைந்து, தண்ணீர் வெளிர் ரோஸ் நிறமாக இருக்க வேண்டும். அடர்ந்த ஊதா நிறம் தோலைப் பொசுக்கும். குழந்தைகள் கையில் படாமல் வையுங்கள். வாயில் போட்டால் ஆபத்து.

அரிப்பு மாத்திரை: தூக்கம் வரவைக்கும் மாத்திரை சில நாள் ராத்திரிக்கு உதவலாம். எக்ஸிமாவை அது குணப்படுத்தாது.

ஒளிச் சிகிச்சை: குறிப்பிட்ட அலைநீள புற ஊதாக் கதிரை வாரம் இரண்டு, மூன்று முறை தோலில் படவைப்பது. பெரிய மருத்துவமனைகளில் உண்டு.

மாத்திரைகள்: க்ரீமுக்கு அடங்காவிட்டால் சைக்ளோஸ்போரின், மெத்தோட்ரெக்ஸேட் போன்றவை. ரத்தப் பரிசோதனையோடுதான் எடுக்க வேண்டும். மெத்தோட்ரெக்ஸேட் வாரத்துக்கு ஒரே ஒரு நாள் சாப்பிடும் மருந்து. தினமும் விழுங்கினால் உயிருக்கே ஆபத்து. கர்ப்பிணிகள் தொடவே கூடாது.

புது மருந்துகள்: 2017-ல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற டுபிலுமாப் ஊசி, பிறகு வந்த 'ஜாக்' தடுப்பு மாத்திரைகள் ஆகியவை கடுமையான எக்ஸிமாவுக்கு நல்ல பலன் தருகின்றன. டுபிலுமாப் விலை மிக அதிகம்.

ஒன்று மட்டும் வேண்டாம்: 'ஒரே ஊசியில் அரிப்பு போயிடும்' என்று போடப்படும் ஸ்டீராய்டு ஊசி. இரண்டு, மூன்று வாரம் சுகமாக இருக்கும். பிறகு முன்பைவிட மோசமாகக் கிளம்பும்.

'கரப்பான் பண்டம்' சாப்பிடலாமா?

கத்தரிக்காய், கருவாடு, முட்டை, நிலக்கடலை... கரப்பான் வந்த பிள்ளைக்கு நம் வீடுகளில் நிறுத்தும் பட்டியல் இது. உண்மையில் எக்ஸிமா உள்ள பெரும்பாலானவர்களுக்குக் காரணம் உணவு இல்லை. கைக்குழந்தைகளில், அதுவும் கடுமையான எக்ஸிமா உள்ளவர்களில் சிலருக்குப் பால், முட்டை, கடலை ஒவ்வாமை சேர்ந்து இருக்கலாம். சாப்பிட்ட சிறிது நேரத்துக்குள் தடிப்பு, உதடு வீக்கம், வாந்தி வந்தால் அந்த உணவைச் சந்தேகப்படுங்கள், மருத்துவரிடம் சொல்லுங்கள்.

அப்படி எதுவும் இல்லாமல், 'எதுக்கும் இருக்கட்டும்' என்று முட்டையையும் மீனையும் கடலையையும் நிறுத்தினால் பிள்ளைக்குப் புரதம் எங்கிருந்து கிடைக்கும்? அரிப்பும் போகாமல் எடையும் குறைந்துபோவதுதான் மிச்சம். பள்ளிச் சத்துணவில் தரும் முட்டையைத் தாராளமாகச் சாப்பிடட்டும்.

நாட்டு மருந்து?

வேப்பிலை, மஞ்சள், குப்பைமேனி அரைத்துப் பூசுவது நம் பழக்கம். வெடித்து நீர் வடியும் தோலில் பச்சிலைச் சாறு எரிச்சலைக் கூட்டலாம், புது ஒவ்வாமையும் வரலாம். புண்ணான இடத்தில் பூசாதீர்கள். சித்த மருத்துவத்தில் கரப்பானுக்குத் தனிச் சிகிச்சையே உண்டு. போவதாக இருந்தால் அரசு சித்தா பிரிவுக்கோ, பட்டம் பெற்ற சித்த மருத்துவரிடமோ போங்கள். பெயர், தேதி, உள்ளே என்ன இருக்கிறது என்று எழுதாத பொடியும் களிம்பும் வேண்டவே வேண்டாம். அவற்றில் ஸ்டீராய்டோ பாதரசமோ கலந்திருந்தால் நமக்குத் தெரியப்போவதில்லை.

எப்போது உடனே ஓட வேண்டும்?

* எக்ஸிமாவின் மேல் தேன் நிறத்தில் பொருக்கு, சீழ், வலி, காய்ச்சல்.

* ஒரே அளவில் கொத்துக்கொத்தாக நீர்க் கொப்புளங்கள், வலி, காய்ச்சல். இது எக்ஸிமாவில் ஹெர்பிஸ் வைரஸ் புகுந்ததாக இருக்கலாம். கண் பக்கம் வந்தால் பார்வையே போகலாம். அன்றைக்கே மருத்துவமனை போக வேண்டும்.

* உடம்பு முழுக்கச் சிவந்து உரிந்து, நடுக்கம்.

* அரிப்பால் குழந்தை தூங்கவில்லை, பள்ளிக்குப் போகவில்லை. இதையும் 'சாதாரண அரிப்பு' என்று விடாதீர்கள்.

அவசரத்துக்கு 108. மற்றபடி, பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் முதலில் காட்டலாம். மத்திய அரசின் இ-சஞ்சீவனி சேவையில் வீடியோ மூலம் இலவசமாக மருத்துவரிடம் பேசலாம். தோல் மருத்துவர் வேண்டும் என்றால், கள்ளக்குறிச்சியை ஒட்டி சிறுவங்கூரில் 2022 ஜனவரியில் திறக்கப்பட்ட அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் தோல் நோய்ப் பிரிவுக்குப் போகலாம். காலையிலேயே போய் ஓ.பி. சீட்டு போட்டுவிடுங்கள்.

வெள்ளிமலை வருவதற்குள் இதில் பாதியைத்தான் ஆயாவிடம் சொல்ல முடிந்தது. "ஒரு நாள் கூலி போயிடுமே கண்ணு" என்றார். நியாயமான கவலை. மலையிலிருந்து இறங்கி ஏறினால் அன்றைய பொழுது அதற்கே சரி.

"மாசா மாசம் ட்யூப் வாங்கற காசு மிச்சமாகும் ஆயா. அந்தக் காலி ட்யூபைத் தூக்கிப் போடாதீங்க. என்ன போட்டீங்கன்னு டாக்டருக்கு அதுதான் சொல்லும்."

கொஞ்சம் யோசித்தவர், ட்யூபைக் காகிதத்தில் சுற்றி மஞ்சள் பைக்குள் வைத்தார். "திங்கக்கெழம இவனுக்குப் பள்ளிக்கூடம் லீவு. அன்னைக்குப் போறோம்" என்று சொல்லிவிட்டு, பேரனை இறக்கிக்கொண்டு நடந்தார்.

உங்கள் வீட்டிலும் அப்படி ஒரு ட்யூப் இருந்தால், ஒருமுறை எடுத்துப் பின்பக்கம் என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள். அதையும் எடுத்துக்கொண்டு மருத்துவரைப் பார்த்துவிட்டு வாருங்கள்.